புல் வெட்டும் மிஷின்: பேட்டரியா, பெட்ரோலா? வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடியில் சின்ன எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். லான் புல் வெட்டும் மிஷின், தோப்பில் களை வெட்டும் பிரஷ் கட்டர், மருந்து அடிக்கும் ஸ்பிரேயர், இதுதான் என் தொழில். ஆடி பிறந்து இரண்டு மழை பெய்துவிட்டால் குடியாத்தம், அணைக்கட்டு, ஆற்காடு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் வந்துவிடும். பாதிப் பேர் ரிப்பேருக்கு, பாதிப் பேர் யோசனைக்கு. யோசனை கேட்க வருகிறவர்களின் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பேட்டரி வாங்கலாமா, பெட்ரோலே வாங்கிவிடலாமா, எது ரொம்ப நாள் வரும்? கையில் ஸ்பேனரோடு நின்று அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். எது அதிக வருஷம் உழைக்கும்?

பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் பெட்ரோல். அதில் தேய்கிற ஒவ்வொரு சாமானையும் தனித்தனியாக மாற்றலாம். பிளக், கார்புரேட்டர், பிஸ்டன் ரிங், இழுக்கிற கயிறு என்று எதை எடுத்தாலும் வேலூரிலோ சென்னையிலோ கிடைத்துவிடும். பதினைந்து வருஷம் ஆன எஞ்சின் இன்றும் என் பட்டறைக்கு வந்து, ஆயில் மாற்றிக்கொண்டு, ஓடிக்கொண்டே திரும்பிப் போகிறது.

பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீடு என்றால் பேட்டரி மிஷின்தான் அதிக நாள் ஓடும். அதில் கெட்டுப்போக பெட்ரோல் இல்லை, அடைத்துக்கொள்ள கார்புரேட்டர் இல்லை. ஆனால் அந்த மிஷினுக்கு இரண்டு ஆயுள் உண்டு. மோட்டாரும் உடம்பும் பத்து வருஷம் நிற்கலாம். பேட்டரி பேக் அதற்கு வெகு முன்னாலேயே களைத்துப்போகும்.

அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மிஷின் சும்மா கிடக்கிற மாதங்களில் அதை யார் கவனிப்பார்கள்?

சும்மா கிடக்கும்போது என்ன ஆகிவிடும்? வெட்டி வெட்டித் தேய்ந்துதானே மிஷின் கெடுகிறது?

வீட்டு மிஷின் அப்படித் தேய்ந்து வந்து நான் பார்த்தது மிகவும் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சென்ட் புல்தரை என்றால் சுமார் 2,180 சதுர அடி. ஒரு தரம் வெட்ட அரை மணி நேரம் போதும். ஆடியிலிருந்து மார்கழி வரை வாரம் ஒரு தரம், மற்ற மாதங்களில் தண்ணீர் விட்டு வளர்த்தால் மாதம் இரண்டு தரம். வருஷத்துக்கு 40 தரம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 மணி நேரம்தான் ஓடுகிறது. அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளில் தள்ளு மிஷின்களின் எஞ்சினை 125, 250, 500 மணி நேரம் என மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். புகை அளவு விதிக்குள்ளேயே இருந்து எஞ்சின் ஓட வேண்டிய நேரம் அது. அதில் மட்டமான 125 மணி நேர வகைகூட இந்தக் கணக்கில் ஆறு வருஷம் தாண்டும்.

அப்படியிருந்தும் மூன்றாவது வருஷமே பட்டறைக்கு வருகிறது. தண்ணீர் விடாத வீடுகளில் தையில் நிறுத்தினால் ஆடியில்தான் திரும்ப எடுக்கிறார்கள். நடுவில் ஆறு மாதம், அதில் அக்னி நட்சத்திரமும் சேர்த்தி. போன ஆடியில் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா ஆட்டோவில் மிஷினைப் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னா தம்பி இது, தையில நல்லா ஓடினதுதான? இப்ப இழுத்து இழுத்து கையே வீங்கிப்போச்சு" என்றார். டேங்க் மூடியைத் திறந்தேன். பெட்ரோல் வாசனையே இல்லை, பழைய வார்னிஷ் வாசனை அடித்தது. கார்புரேட்டர் அடிக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்பு நிறத்தில் பிசின், வெல்லப்பாகு காய்ந்த மாதிரி. அலுமினியத்தின் மேல் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை ஊசிக் காதைவிடச் சின்னது, அது சுத்தமாக அடைபட்டிருந்தது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. சுத்தம் செய்து, புது பெட்ரோல் ஊற்றி இழுத்ததும் இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. அந்த அம்மா அதற்குள் புது மிஷினுக்கு விலை விசாரித்து வைத்திருந்தார். இந்த மாதிரி எத்தனை நல்ல எஞ்சின்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறதே, அதனாலா?

அதுவும் ஒரு காரணம். பங்கில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். எஞ்சின் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். பிரஷ் கட்டர் கார்புரேட்டரில் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு நாளடைவில் விறைத்துப்போகும், பழைய ரகப் பெட்ரோல் குழாய்கள் வெடிப்பு விடும். பல சின்ன எஞ்சின்களின் கையேட்டில் எத்தனால் 10 சதம் வரைதான் ஆகும் என்று போட்டிருக்கும். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைக் கடைக்காரரிடம் கேட்டுப் படியுங்கள். 20 சதத்துக்கு ஏற்ற எஞ்சின் இருந்தால் அதையே வாங்குங்கள்.

தினமும் ஓட்டுகிறவர்களுக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. டேங்கில் பெட்ரோல் தங்குவதே கிடையாது. வாரத்துக்கு அரை மணி நேரம் ஓட்டுகிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் மிஷினைத் தொட மாட்டீர்கள் என்றால் டேங்கை வடித்துவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் மிச்சம் இருப்பதும் எரிந்து தீர்ந்துவிடும். வடித்த பெட்ரோலை வண்டியில் ஊற்றிக்கொள்ளலாம், ஆயில் கலக்காததாக இருந்தால். ஐந்து நிமிஷ வேலை. பெட்ரோல் மிஷினின் ஆயுளை இதைப்போல நீட்டிக்கிற வேலை வேறு எதுவும் நான் பார்த்ததில்லை.

பேட்டரி பேக் எத்தனை வருஷம் வரும்?

லித்தியம் பேக்குக்கு வயது இரண்டு வழியில் ஏறுகிறது. சார்ஜ் ஏற்றி இறக்குவது ஒன்று. சும்மா வைத்திருக்கும்போதே ஏறுவது இன்னொன்று.

முதல் கணக்கில், 300 முதல் 500 தரம் சார்ஜ் ஏற்றி இறக்கினால் பேக்கின் கொள்ளளவு ஏறக்குறைய 80 சதத்துக்கு இறங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நல்ல செல் அதற்கு மேலும் தாங்கும். வருஷத்துக்கு 40 தரம் வெட்டுகிற வீட்டுக்கு இது ஏழெட்டு வருஷத்துக்குக் குறையாது. ஆனால் நம் ஊரில் பேக்கின் ஆயுளை முடிப்பது இரண்டாவது கணக்கு. வெயில்.

வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டுவது நமக்குச் சாதாரணம். அது நிழலில் எடுத்த அளவு. தகர ஷீட் போட்ட மோட்டார் கொட்டகைக்குள் மத்தியானம் கையை வைத்துப் பாருங்கள், கதவின் தாழ்ப்பாளைத் தொட முடியாது. லித்தியம் செல்லை முழுச் சார்ஜில் 40 டிகிரியில் ஒரு வருஷம் வைத்தால் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது பேட்டரி துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதையே பாதிச் சார்ஜுக்குச் சற்றுக் குறைவாக, 25 டிகிரியில் வைத்தால் குறைவது நாலைந்து சதம்தான். ஒரே செல்தான், வைத்த இடத்திலும் வைத்த விதத்திலும்தான் இவ்வளவு வித்தியாசம்.

இது எனக்கே நடந்தது. வாடிக்கையாளர்களுக்கு ஓட்டிக் காட்ட 36 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் பேக்கோடு ஒரு மிஷின் வாங்கினேன். மாசியில் முழுச் சார்ஜ் போட்டு, பட்டறையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு ஒரு முழம் கீழே இருந்த பலகையில் வைத்தேன். தொழிலில் இத்தனை வருஷம் இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. இரண்டு கோடை அப்படியே கழிந்தது. புதிதில் 25 நிமிஷம் வெட்டினது, அதே புல்லில் 15 நிமிஷத்தில் விளக்கு சிமிட்டி நின்றுவிட்டது. மொத்தம் 30 தரம்கூடச் சார்ஜ் போட்டிருக்க மாட்டேன்.

வீட்டுக்குள், பீரோவின் கீழ்த்தட்டிலோ கட்டிலுக்கடியிலோ வையுங்கள். மண் தரை, சிமெண்டுத் தரை வீடு என்றால் இன்னும் நல்லது. கார் டிக்கியில் ஒருநாள் பகல்கூட வேண்டாம்.

இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி எப்போதும் ஃபுல்லாகத்தானே வைக்க வேண்டும்?

இங்கேதான் பாதிப் பேர் தவறு செய்கிறார்கள், நல்ல எண்ணத்திலேயே செய்கிறார்கள். நமக்குப் பழக்கமான இன்வெர்ட்டர் பேட்டரி, பைக் பேட்டரி, தோளில் மாட்டும் 12 வோல்ட் ஸ்பிரேயரில் பெரும்பாலும் வரும் பேட்டரி எல்லாம் ஈயமும் ஆசிடும். அதைக் காலியாக விட்டால் உள்ளே தகட்டில் உப்பு படிந்து செத்துப்போகும். கத்தரிக்கு மருந்து அடித்து முடித்து, ஸ்பிரேயரை அப்படியே மூலையில் போட்டுவிட்டு, அடுத்த பட்டத்தில் எடுத்தால் அது சார்ஜே ஏறாது. இலவம்பாடிப் பக்கம் முள்ளுக்கத்தரி போடுகிற யாரைக் கேட்டாலும் இந்த அனுபவத்தைச் சொல்வார்கள். அதனால் பேட்டரி என்றாலே ஃபுல்லாக வை என்று நம் கை பழகிவிட்டது.

லித்தியத்துக்கு நேர் எதிர். மாதக்கணக்கில் சும்மா கிடக்கப் போகிறது என்றால் பாதிச் சார்ஜில், பேக்கின் மேல் இருக்கும் நாலு விளக்கில் இரண்டு எரிகிற மாதிரி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பட்டனை அழுத்திப் பாருங்கள். ஒரு விளக்குக்கு இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். சுத்தமாகக் காலியாகவும் விடக்கூடாது. செல் ஒவ்வொன்றும் இரண்டரை வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டால் சார்ஜர் அதை ஏற்க மறுத்துச் சிவப்பு விளக்கு காட்டும். பேக்கை மிஷினிலிருந்து கழற்றித் தனியாக வைக்க வேண்டும், சில மிஷின்கள் நிற்கும்போதும் துளித்துளியாக உறிஞ்சும்.

வெட்டி முடித்ததும் சூடான பேக்கைச் சார்ஜரில் செருகாதீர்கள். முதலில் கை கால் கழுவிவிட்டு வாருங்கள், ஒரு டீ குடியுங்கள். அரை மணி நேரம் ஆறட்டும். பெரும்பாலான லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்ற 45 டிகிரிதான் எல்லை. மே மாதத்தில் சார்ஜ் போட நல்ல நேரம் விடியற்காலை.

பேட்டரி மிஷினுக்குக் கரண்ட் செலவு எவ்வளவு?

36 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் என்றால் 144 வாட் ஹவர். வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு தரம் ஏற்றக் கால் யூனிட் ஆகாது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய்க்கு மேல். ஆனால் இந்த மிச்சத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். பல மாடல்களில் புது பேக் விலை மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வரும்.

எங்கள் நிலத்தில் கல் அதிகம். எது தாங்கும்?

நம் பக்கம் மலையடிவாரம் முழுக்க இந்தக் கதைதான். புல்லுக்குள் கருங்கல் சில்லு ஒளிந்திருக்கும்.

பெட்ரோல் மிஷினில் கத்தி கல்லில் இடித்துப் பட்டென்று நின்றால், பல எஞ்சின்களில் முதலில் அறுவது ஒரு குட்டிச் சாவி. ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்துக்கும், கத்தியைச் சுற்றும் கிராங்க் தண்டுக்கும் நடுவில், சுண்டு விரல் நகத்தைவிடக் குறுகலான ஒரு மெத்து உலோகத் துண்டு. அது வளைந்தால் பிளக்கில் பொறி தப்பான நேரத்தில் விழும். கயிறு இழுத்தால் வெடுக்கென்று கையைத் திருப்பி இழுக்கும், எஞ்சின் பிடிக்காது. எஞ்சின் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். சாவி சில்லறைக் காசு, மாற்ற ஒரு மணி நேரம். கிராங்கை வளைய விடாமல் காப்பதற்குத்தான் அதை மெத்தென்று செய்திருக்கிறார்கள்.

கிராங்க் வளைந்திருந்தால்தான் பெரிய செலவு. அதை நீங்களே பார்க்கலாம். பிளக் வயரைக் கழற்றுங்கள், இதை மறக்கவே கூடாது. டேங்க் காலி செய்து, ஏர் ஃபில்டர் மேலே வரும்படி மிஷினைச் சாயுங்கள். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் போய்விடும். கத்தி நுனிக்கு நேராக, கத்தியை மூடியிருக்கும் தட்டின் உள் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். துணி சுற்றிய கையால் கத்தியை அரைச் சுற்று சுற்றி, மறு நுனி அதே கோட்டுக்கு நேராக வருகிறதா பாருங்கள். விலகி வந்தால் கத்தியோ கிராங்கோ வளைந்திருக்கிறது. கத்தியை மாற்றியும் விலகினால் கிராங்க்தான்.

பேட்டரி மிஷினில் கல் பட்டால் உள்ளிருக்கும் சர்க்யூட் கரண்டை வெட்டிவிடும், பெரும்பாலும் மோட்டார் தப்பிக்கும். பிளாஸ்டிக் உடம்புதான் வெடிக்கும். இரும்புத் தட்டு வளையும், துருப் பிடிக்கும், ஆனால் தட்டி எடுத்து வெல்டு வைக்கலாம். வெடித்த பிளாஸ்டிக்கை ஒட்ட வைக்க எனக்கு இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. கல் நிலத்துக்கு இரும்போ அலுமினியமோ போட்ட மிஷினையே நான் சொல்வேன். எதுவானாலும் வெட்டும் முன் ஒரு கூடையோடு புல்தரையை நடந்து பாருங்கள்.

தென்னந்தோப்பில், வரப்பில் வெட்ட லான் மிஷின் ஆகுமா?

ஆகாது. சக்கரம் வைத்த மிஷின் சமமான புல்தரைக்கு மட்டும். கோரை, பார்த்தீனியம், முள் இருக்கிற இடத்துக்கு பிரஷ் கட்டர்தான், அதிலும் இன்றைக்கு நான் பெட்ரோலைத்தான் சொல்வேன். அடர்ந்த களையில் பேட்டரி கட்டர் 400 வாட் இழுத்தால்கூட நான் சொன்ன அந்த 144 வாட் ஹவர் பேக் 20 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். தோப்பின் நடுவில் சார்ஜர் எங்கே செருகுவது?

பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா என்பது அடுத்தது. டூ ஸ்ட்ரோக் எடை குறைவு, ரிப்பேர் சுலபம், ஆனால் பெட்ரோலில் ஆயில் கலந்தே ஆக வேண்டும். கையேட்டில் 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 25-க்கு 1 என்றால் 40 மில்லி. கூலிக்கு வந்தவர் தெரியாமல் வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டினால் சில நிமிஷத்தில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு சீசனிலும் இப்படி ஒன்றாவது என் மேசைக்கு வருகிறது. சிலிண்டர் சுவரில் நகத்தால் கீறியது போல் நீளக் கோடுகள் விழுந்திருக்கும். மிஷினைப் பல கை எடுக்கிற இடம் என்றால் கலக்க வேண்டாத ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குங்கள். 35 சிசி ரகத்தில் உள்ளே ஊற்றும் ஆயில் 100 மில்லிதான், அதனால் வெட்டப் போகும் முன் ஒவ்வொரு நாளும் அளவு பார்க்க வேண்டும்.

கத்தி சுற்றும் முனையில் இருக்கும் கியருக்கு கிரீஸ் வைப்பதைப் பேட்டரிக்காரர்களும் பெட்ரோல்காரர்களும் ஒன்றுபோல மறந்துவிடுகிறார்கள். 25 மணி நேரத்துக்கு ஒரு தரம் பக்கவாட்டு போல்ட்டைக் கழற்றிக் கொஞ்சம் வையுங்கள்.

பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், காண்ட்ராக்ட் வேலைக்கு?

பெட்ரோல். தினம் நாலு மணி நேரம் வெட்டுகிறவருக்குப் பல பேக் வேண்டும். ஒவ்வொன்றும் தினம் ஒரு தரம் ஏறி இறங்கினால் 300, 400 சார்ஜ் ஒன்றேகால் வருஷத்தில் முடிந்துவிடும். பெட்ரோல் எஞ்சினும் அந்த உழைப்பில் தேயும், பொய் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருஷத்தில் ரிங் மாற்ற வேண்டிவரும், மாற்றினால் மறுபடி ஓடும்.

ஒரே ஒரு இடத்தில் பேட்டரியைச் சொல்வேன்: ஆஸ்பத்திரி, படிக்கிற பிள்ளைகள் இருக்கும் வகுப்பறை ஓரம். சத்தம் அங்கே நிஜமான தொல்லை.

தூசி எஞ்சினை எவ்வளவு கெடுக்கும்?

மிகவும். பாலாற்றங்கரை மணல் காற்றில் ஏர் ஃபில்டர் இல்லாமல் ஒரு சீசன் ஓட்டினால் சிலிண்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததற்குச் சமம். ஸ்பாஞ்சு ஃபில்டர் என்றால் சோப்புத் தண்ணீரில் கசக்கிக் காயவைத்து, இரண்டு சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டரைக் கழுவக் கூடாது, தட்டி எடுங்கள் அல்லது மாற்றுங்கள். ஃபோர் ஸ்ட்ரோக் லான் மிஷின் ஆயிலைப் பொதுவாக முதல் 5 மணி நேரத்தில் ஒரு தரமும், அப்புறம் 50 மணி நேரத்துக்கு அல்லது வருஷத்துக்கு ஒரு தரமும் மாற்றச் சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் வருஷக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். பொங்கல் சுத்தத்தோடு சேர்த்துச் செய்துவிட்டால் மறக்காது.

பிரஷ்லெஸ் மோட்டார் என்று விலை ஏற்றிச் சொல்கிறார்களே?

கொடுக்கலாம். பழைய ரக மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்து தீரும். பிரஷ்லெஸ்ஸில் தேய்வது பேரிங் மட்டும்தான், அதே பேட்டரியில் கொஞ்சம் கூடுதல் நேரமும் ஓடும்.

உள்ளூரில் பழைய பேக்குக்குப் புது செல் போட்டுத் தருகிறார்கள். செய்யலாமா?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் தயங்கித்தான் பதில் சொல்வேன். தொழில் தெரிந்தவர், ஒரே ரகச் செல்லாகப் பார்த்து, ஸ்பாட் வெல்டு வைத்து, காவல் சர்க்யூட்டைச் சரியாக இணைத்தால் பேக் மறுபடி உயிர் பெறும். ஆனால் சந்தையில் உறை மட்டும் புதிதாகச் சுற்றிய பழைய செல்களும் உண்டு. வெளியே பார்த்து என்னால்கூடப் பிரித்துச் சொல்ல முடியாது.

2022 மார்ச்சில் வேலூரிலேயே, இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி ஒரு தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு பல மாதம் பேட்டரி மிஷினைக் கேட்டு யாரும் என் பட்டறைக்கு வரவில்லை, அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. புல் மிஷின் பேக் ஸ்கூட்டர் பேட்டரியைவிடப் பல மடங்கு சின்னது. ஆனாலும் எல்லாரும் தூங்கும்போது சார்ஜில் விடாதீர்கள், வாசற்படியை மறிக்கிற இடத்தில் சார்ஜ் போடாதீர்கள். கீழே விழுந்து அடிபட்ட, உப்பின, தண்ணீரில் மூழ்கின பேக்கைத் திரும்பச் செருகவே கூடாது. கம்பெனி சார்ஜர் தவிர வேறு சார்ஜர் வேண்டாம். என் வீடாக இருந்தால் கம்பெனி பேக் கிடைக்கும்வரை செல் மாற்ற மாட்டேன்.

அந்தக் கம்பெனி பேக் ஐந்து வருஷம் கழித்துக் கிடைக்குமா?

பேட்டரி மிஷின் வாங்கும்போது இதைத்தான் முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். அதே பேக் டிரில்லிங் மிஷின், ரம்பம், சருகு ஊதும் மிஷின் என்று அந்தக் கம்பெனியின் பல சாமான்களுக்குப் பொருந்தினால் அது சீக்கிரம் நின்றுபோகாது. அந்த ஒரு மிஷினுக்கு மட்டும் உருவான பேக் என்றால் வாங்க வேண்டாம். இணையத்தில் விலை குறைவாக வருகிற பெயர் தெரியாத மிஷின்களில் நான் பார்த்த பெரிய குறை இதுதான். மிஷின் நன்றாக இருக்கும், இரண்டாவது பேக் கேட்டால் விற்றவரே இருக்க மாட்டார். கடையில் நிற்கும்போதே தனி பேக்குக்கு விலை கேளுங்கள். உடனே விலை சொல்ல முடியாத கடையில் பேட்டரி மிஷின் வாங்காதீர்கள்.

பெட்ரோலிலும் இதே சோதனை உண்டு. அந்த மாடலின் கார்புரேட்டரும் கயிறு செட்டும் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

எங்களுக்கு வீட்டு முன்னால் 2 சென்ட் புல்தான். அதற்கு எது?

சத்துவாச்சாரி, காந்தி நகர்ப் பக்கம் நிறையப் பேர் கேட்பது இது. இரண்டுமே வேண்டாம், வயர் போட்ட கரண்ட் மிஷின் வாங்குங்கள். கெட்டுப்போக பெட்ரோலும் இல்லை, வயதாக பேட்டரியும் இல்லை. மூன்றிலும் விலை குறைவு. வயர் கத்திக்குப் பின்னாலேயே வரும்படி, சுவர் பிளக் பக்கமிருந்து தொடங்கி விலகி விலகி வெட்ட வேண்டும். ஈரப் புல்லில் ஓட்டவே கூடாது. அந்த இணைப்பில் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய பெட்ரோல் மிஷின் வாங்கலாமா?

எஞ்சின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். கயிற்றை மெதுவாக இழுத்தால் ஒரு இடத்தில் கை தடைபட வேண்டும், அதுதான் கம்ப்ரஷன். நான் மேலே சொன்ன சாக்பீஸ் சோதனையைச் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஃபோர் ஸ்ட்ரோக்கில் ரிங் போயிருக்கிறது. பழைய பேட்டரி மிஷின் என்றால் பேக்குக்கு விலையே போடாமல் பேசுங்கள்.

மானியம் கிடைக்குமா?

வீட்டு லானுக்குக் கிடையாது. விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக இயந்திரங்களுக்கு மானியம் உண்டு. பொதுவாக 40 சதம், சிறு குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அதைவிடக் கூடுதல், ஒவ்வொரு கருவிக்கும் ஓர் உச்ச வரம்போடு. உழவன் செயலியிலோ நேரில் அலுவலகத்திலோ பதிந்து, அனுமதி வந்த பிறகு வாங்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டு பில்லோடு போனவர்கள் ஏமாந்து திரும்பியதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கி வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஃபோர் ஸ்ட்ரோக் மிஷின் என்றால் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். பெட்டியில் வரும் புது எஞ்சினில் பெரும்பாலும் ஆயில் இருக்காது, ஊற்றாமல் கயிறு இழுக்காதீர்கள். பேட்டரி மிஷின் என்றால் பேக்கின் மேல் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதுங்கள், முதல் தரம் எத்தனை நிமிஷம் வெட்டியது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். வாரண்டிக்குள் அது பாதியாகக் குறைந்தால் பில்லோடு கொண்டுபோய்க் காட்டலாம். கத்தியின் அடியில் ஒட்டிய ஈரப் புல்லை அன்றைக்கே ஒரு மரக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிடுங்கள், பிளக் வயரையோ பேக்கையோ கழற்றிய பிறகு.